நேரா மாட்டு

நூடுல்ஸ் பானையின் ஆவி சுவர்ப்படத்தின் கண்ணாடியை மூடுவதும் விலகுவதுமாக இருக்கிறது. படத்தில் சிரிக்கும் பையன் தலைகீழாகத் தொங்குகிறான். கடைக்காரி ஷியூயுனின் மகன் ஜியென்போ. போன மழையில், வெள்ளம் வருவது தெரிந்தும் அதிகாரிகள் அடைக்காமல் விட்ட சுரங்கப்பாதையில் மூழ்கிச் செத்தவன். ஏன் அடைக்கவில்லை என்று கேட்டு அவள் இணையத்தில் அவன் படத்தைப் போடும்போதெல்லாம், போட்ட சூடு ஆறுவதற்குள் அரசுத் தணிக்கைக்காரர்கள் அழித்தார்கள். தலைகீழாகப் போட்டால் அழிக்கிற இயந்திரத்துக்கு அடையாளம் தெரியாது என்று யாரோ சொல்ல, அது மட்டும் ஒரு பகல் முழுக்க நின்றது. ஊரே கைபேசியைத் திருப்பிப் பிடித்துப் பார்த்தது. இன்று காலை அதுவும் போய்விட்டது. மூலை மேசையில் வழக்கமாகச் சாப்பிட வரும் போலீஸ்காரன் தெங், தொப்பி நழுவுகிற அளவுக்குக் கழுத்தைச் சாய்த்துப் படத்தைப் பார்க்கிறான்.

"என்னக்கா இது, புள்ள படத்தப் போயி இப்படி மாட்டியிருக்கே? பாக்கவே நல்லாயில்ல. நேரா மாட்டு."

கடையில் உறிஞ்சும் சத்தம் நின்றுபோகிறது. அவள் கிண்ணத்தில் மிளகாய் எண்ணெயை ஊற்றி, அவன் முன்னால் நகர்த்துகிறாள்.

"நேரா மாட்டினா காணாமப் போயிடறான், தம்பி."