மாம்புரிக்கு மேலே இன்னும் ஒரு சுற்று

பலாலியிலிருந்து சின்ன விமானத்தைத் தனியே ஓட்டிவந்த நிலுக்சனைக் கட்டுப்பாட்டறை மாம்புரிக்கு மேலேயே மறித்தது. பெரிய விமானங்கள் வரிசையாக இறங்கி முடியும்வரை தாழப் பறந்து சுற்றச் சொன்னது.

அதுவும் நல்லதுக்குத்தான். கீழே அவனுடைய வீடு. வழக்கம்போல இறக்கையை ஆட்டிக் காட்டினான். வெங்காயப் பாத்தியில் நின்ற டயனா, மகள் ஷானிகாவை இடுப்பில் வைத்தபடி கையசைத்தாள்.

அடுத்த சுற்றில், அவன் வீட்டு ஒழுங்கை நெடுக செத்தவீட்டு வெள்ளைக்கொடி கட்டியிருந்தது.

"சேர், நான் இறங்கவேணும். வீட்டில என்னமோ நடந்திட்டு."

"விளங்குது. இன்னும் ஒரு சுற்று."

மூன்றாம் சுற்றில் டயனா தனியே நின்று கையசைத்தாள். அவள் தலை முழுக்க நரைத்திருந்தது. எரிபொருள் முள் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

"சேர், இனியாவது..."

"இன்னும் ஒரு சுற்று."

இந்த முறை பாத்தியே இல்லை, தென்னைகள் வளர்ந்து நின்றன. முற்றத்தில் இடுப்பில் பிள்ளையோடு நின்றவளை டயனா என்றே முதலில் நினைத்தான். ஷானிகா. இறக்கையை ஆட்டினான்.

அவள் அண்ணாந்து பார்த்தாள். கையசைக்கவில்லை. நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு, பிள்ளையின் கண்ணைப் பொத்தி உள்ளே கொண்டுபோய்க் கதவைச் சாத்தினாள்.