பன்னிரண்டு அடி வாய்

லட்டு இன்னும் வாய்க்குப் போய்ச் சேரவில்லை.

மேடைக்குப் பக்கத்தில் பன்னிரண்டு அடி உயரத் திரை. மேடையில் நடப்பதெல்லாம் அதில் பெரிதாக, மெதுவாக ஓடியது. மயிலாத்தாளின் கை மிதந்து வந்தது. லட்டு ஒரு கிரகம் போலத் திரும்பியது. அவள் கணவர் சென்னியப்பனின் மீசை, மேகம் விலகுவதுபோல விலகத் தொடங்கியது.

அறுபதாம் கல்யாணம். ஹோமப் புகை அடங்கவில்லை. மண்டபமே தரையிலிருந்து ஒரு சாண் மேலே நிற்பதுபோல இருந்தது.

டாக்டரம்மா மூன்றாவது வரிசையில், ரோஸ்மில்க் தம்ளரோடு, பாதித் தூக்கத்தில் இருந்தாள். விடிகாலையிலேயே பதினேழு பேரைப் பார்த்துவிட்டு வந்தவள். இந்தக் குடும்பத்துக்கு இருபத்திரண்டு வருட டாக்டர்.

மைக்கில் புலவர் நஞ்சப்பன். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். புலவர் பட்டம், சென்னியப்பன் தலைவராக இருக்கும் சங்கம் கொடுத்தது.

"காரத்தைத் துறந்தார்! மிளகாய் வாடையும் ஆகாது. தயிர்சோறு, அதுவும் குழைந்த சோறு!"

கைதட்டல்.

"சொல்லைச் சுருக்கினார்! மில் அதிரப் பேசியவர், இன்று மௌனத்தால் ஆள்கிறார்!"

கைதட்டல்.

"அட்டகாசச் சிரிப்பை அறவே விட்டார்! இதழோரம் ஒரு கீற்று, அவ்வளவே. ஒரே வருடத்தில் உடல் மெலிந்து, முனிவராகவே ஆகிவிட்டார்!"

டாக்டரம்மா தம்ளரைக் கீழே வைத்தாள்.

காரம் எரிகிறது.

பேச்சு குறைகிறது.

வாய் விரிவதில்லை.

எடை இறங்குகிறது.

புலவர் வாழ்த்திக்கொண்டிருக்கவில்லை. கேஸ் ஷீட் வாசித்துக்கொண்டிருந்தார். முப்பது வருடம் வருகைப் பதிவேடு வாசித்த குரல். ஒன்றையும் விடவில்லை.

திரையில் வாய் திறந்தது.

கொஞ்சம் திறந்து, நின்றது.

லட்டு வெளியே காத்திருந்தது. மயிலாத்தாள் பயறளவு கிள்ளி, அந்தச் சந்துக்குள் வைத்தாள். பழகிய கை.

"அறுவதுலயும் மாப்பளைக்கு வெக்கத்தப் பாரு!" பின்வரிசையில் யாரோ சொன்னார்கள்.

மண்டபம் சிரித்தது. மேலே பறந்த ட்ரோனும் சிரிப்பதுபோல ஒருமுறை ஆடியது.

மயிலாத்தாளின் சர்க்கரை, மகளின் மஞ்சள்காமாலை, மில் ஆட்களின் காய்ச்சல், எல்லாம் டாக்டரம்மாவிடம்தான் வரும். சென்னியப்பன்தான் கூட்டிவருவார். உள்ளே வரமாட்டார். கன்னத்தில் பாக்கை அடக்கிக்கொண்டு வாசலில் நிற்பார். நீங்களும் ஒருதடவை காட்டுங்களேன் என்றால், எனக்கென்னங்க டாக்டரம்மா, கல்லாட்டம் இருக்கறனுங்க என்பார்.

அவளும் கல் என்றே எழுதாமல் எழுதி வைத்திருந்தாள். ஆளைப் பார்த்தாலே நோயைச் சொல்லிவிடுவாள் என்று ஊரில் பெயர். அதை அவளும் நம்பியிருந்தாள்.

அவளுக்கே இதைப் பன்னிரண்டு அடிக்குப் பெரிதாக்கிக் காட்டவேண்டியிருந்தது.

நாளைக் காலை விமானம். காசி, கயா, பிறகு அமெரிக்காவில் மகன் வீடு. ஆறு மாதம். பெருமையாக அழைப்புப் பத்திரிகையிலேயே அச்சடித்திருந்தார்கள்.

பாக்கு போட்டுப் போட்டு வாய் இறுகியது மட்டுமாக இருக்கலாம்.

புற்றாகவும் இருக்கலாம்.

பார்க்காமல் சொல்ல முடியாது. ஆறு மாதம் பார்க்காமல் விடவும் முடியாது.

எழுந்தாள். ஆசி வாங்கும் வரிசை மேடையிலிருந்து கதவுவரை நின்றது. அவளுக்கு முன்னால் ஒரு வங்கி மேலாளர், ஆளுயரப் படத்தைக் கட்டிப்பிடித்தபடி. படத்திலும் சென்னியப்பன்தான். தலைக்குப் பின்னால் ஒளிவட்டம். வாயைத் திறக்காத புன்னகையை ஓவியர் அச்சாகப் பிடித்திருந்தார்.

நல்ல நாளில் எப்படிச் சொல்வது. எந்த நாளில் சொல்வது.

பட்டுப்புடவைகள் நகர்ந்தன. அவளும் நகர்ந்தாள். நடந்ததாகத் தோன்றவில்லை.

மேடை. பன்னீர் வாசம்.

வந்தவர்கள் எல்லோரும் காலில் விழுந்தார்கள். அவள் நிமிர்ந்தே நின்றாள். அவர் முகத்துக்கு நேரே, ஒன்றின்மேல் ஒன்றாக மூன்று விரலை அடுக்கிக் காட்டினாள்.

"இதேமாதிரி உங்க விரலை வாய்க்குள்ள வைங்கண்ணா."

அவர் விளையாட்டு என்று நினைத்தார். போட்டோக்காரரும் அப்படியே நினைத்தார். "சூப்பர் சார், சூப்பர், அப்படியே!"

நல்ல வாய் மூன்றையும் வாங்கிக்கொள்ளும்.

திரையில் மூன்று விரல் மிதந்து வந்தது. பல்லில் முட்டியது.

ஒன்றை மடக்கினார்.

இரண்டும் முட்டியது.

இன்னொன்றையும் மடக்கினார்.

ஒற்றை விரல் மட்டும் உள்ளே போயிற்று.

மண்டபம் விசிலடித்தது. குழந்தையுள்ளம் என்றார் புலவர், மைக்கில்.

சென்னியப்பன் விரலை எடுக்கவில்லை. எடுக்காமலே அவளைப் பார்த்தார். அவர் கண்ணில் விளையாட்டு முடிந்திருந்தது.

மயிலாத்தாள் என்ன ஏதென்று கேட்கவில்லை. யாராவது ஒருவர் இதைச் செய்வார்களென்று வருடம் முழுக்கக் காத்திருந்தவள்போல எழுந்தாள். அவர் கழுத்து மாலையைக் கழற்றினாள். தன்னுடையதையும் கழற்றினாள்.

மறுபடி மாலை மாற்றுகிறார்கள் என்று நாயனக்காரர் எண்ணிக்கொண்டார்.

கெட்டிமேளம்.

கையில் மிச்சமிருந்த அட்சதையெல்லாம் பறந்தது. திரையில் அது மெதுவாக, மெதுவாக, மூன்று பேர் மேலும் இறங்கியது.

"எங்க போகோணுங்க?" மயிலாத்தாள் கேட்டாள்.

டாக்டர் சொன்னது மேளத்தில் கேட்கவில்லை. மயிலாத்தாள் அவள் உதட்டைப் பார்த்தாள். தலையாட்டினாள். பிறகு கணவரின் செருப்பைத் தேடிக்கொண்டு மேடையிலிருந்து இறங்கினாள்.