பூச்சியப் பாகை

தம்பிஐயா அண்ணை எங்கள் ஆய்வுகூடத்தின் உதவியாளர். வாணி விழாவுக்காகக் குங்குமக் கிண்ணத்தோடு வந்து, நுணுக்குக்காட்டி, தராசு என்று ஒன்றையும் விடாமல் பொட்டு வைத்தார்.

கடைசியில் என் கண்ணாடிக் கம்பியை எடுத்து என்னிடம் நீட்டினார்.

அதில் போன வருடத்துப் பொட்டு இன்னும் அழியாமல் இருந்தது.

வாங்க நீட்டிய கையை இழுத்துக்கொண்டேன்.

அந்தக் கம்பியின் நுனியில்தான் என் படிகத்தை ஒட்டி யப்பானுக்குக் கொண்டுபோனேன். அரிசிக் குறுணி அளவுகூட இல்லாத கறுப்புப் படிகம். கரிமப் பொருள்தான், ஆனால் அடுக்கடுக்காக அமைந்து உலோகம்போல மின்சாரம் கடத்தும். அதை வளர்க்க எனக்கு எட்டு மாதம் பிடித்தது.

கடுங்குளிரில், காந்தப் புலத்துக்குள் வைத்து, அதைச் சுற்றிச் சுற்றி அளந்தோம். ஒரு திசையில் பலமான காந்தம். மற்றத் திசையில் ஒன்றுமே இல்லை. இப்படி ஒரு வித்தியாசத்தை யாரும் கண்டதில்லை என்றார்கள்.

எங்கிருந்து சுற்றத் தொடங்கினோம் என்று தெரிய ஓர் அடையாளம் வேண்டுமே. அங்கிருந்த பேராசிரியருக்கு அந்தச் சிவப்புப் புள்ளி மிகவும் பிடித்துப்போனது. அதையே பூச்சியப் பாகை ஆக்கினோம்.

கட்டுரை நாளைக்கு வெளியாகிறது. என் பதவி உயர்வு அதை நம்பித்தான் இருக்கிறது.

வெண்பலகையில் ஒட்டியிருந்த காந்தத்தைக் கழற்றினேன். ஒரு சிட்டிகை குங்குமத்தைத் தாளில் கொட்டி, கீழே காந்தத்தை நகர்த்தினேன்.

குங்குமம் அதன் பின்னாலேயே போனது. நாங்கள் அளந்த காந்தம் படிகத்துடையது அல்ல, பொட்டினுடையது.

வந்தது வெட்கமா, கோபமா என்று தெரியவில்லை. கோபம் என்றே வைத்துக்கொண்டேன். அதற்கு ஓர் ஆளும் முன்னால் நின்றார்.

கட்டுரையை நிறுத்தச் சொல்லிப் பதிப்பாசிரியருக்கு மடல் எழுதினேன். 'உதவியாளரின் கவனக்குறைவால் கண்ணாடிக் கம்பியில் அந்நியப் பொருள் படிந்துவிட்டது.'

தம்பிஐயா அண்ணை கம்பியோடு இன்னும் நின்றார்.

"இதுக்கு நீங்களே வையுங்கோ மிஸ். போன வருசமும் என்னைத் தொட விடாமல் நீங்கள்தானே வைச்சனீங்கள். ராசியான கை."

'உதவியாளரின்' என்ற சொல்லை அழித்தேன்.

வேறு பெயர் எழுதக் கை வரவில்லை. கவனக்குறைவு யாருடையது என்று இல்லாமலே மடல் போனது.