ஒலிபெருக்கிக்குப் பக்கத்துக் கூடு

ரயில் நிலையக் கூரையில், ஒலிபெருக்கிக்குப் பக்கத்திலேயே கூடு கட்ட இடம் கிடைத்ததில் பொன்னலகி என்ற மைனாவுக்குத் தலைகால் புரியவில்லை. நாள் முழுக்க அறிவிப்பு கேட்டு வளர்ந்தால் குஞ்சு பேச்சில் புலியாகிவிடும் அல்லவா? அதனால் இரையை அதன் வாயில் திணித்துவிட்டு, குறுக்கே ஒரு வார்த்தை பேசாமல் பறந்துவிடுவாள்.

பக்கத்துப் பொந்து வேலம்மை வேறு மாதிரி. அலகில் புழுவை வைத்துக்கொண்டே குஞ்சுகளிடம் தொணதொணப்பாள். அவை ஒருமுறை கீச்சிட்டால் இவள் இரண்டுமுறை கீச்சிடுவாள்.

"அதுங்களுக்கு என்னடி புரியும்?" என்பாள் பொன்னலகி.

"புரியுதோ இல்லையோ, பதில் சொல்லுதுங்களே அக்கா."

ஒருநாள் பொன்னலகியின் குஞ்சு, "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று கணீரென்று சொன்னது. அவள் பூரித்துப் போனாள்.

மறுநாள் காக்கை வந்தது. "பதுங்கு" என்று பொன்னலகி அலறினாள். வேலம்மையின் குஞ்சுகள் சட்டென்று தலையை உள்ளே இழுத்துக்கொண்டன. பொன்னலகியின் குஞ்சு மட்டும் கழுத்தை நீட்டி வேடிக்கை பார்த்தது. இரண்டு தாய்களும் சேர்ந்து கொத்தித் துரத்திய பிறகுதான் காக்கை போனது.

பொன்னலகி கூட்டுக்குப் பாய்ந்து வந்தாள். "நான் கத்தினது காதுல விழலையா கண்ணு?"

குஞ்சு அவளை யாரோ போலப் பார்த்தது. அப்புறம் பசியெடுக்கவே, ஒலிபெருக்கியின் பக்கம் திரும்பி வாயைப் பிளந்தது.