ஒற்றைத் திருகாணி

நிரஞ்சனாவும் கணவன் சேந்தனும் விமானப்படை விமானிகள். மூன்று நாளாக அவள் அவனோடு பேசவில்லை. அன்று காலையும் கதவை அறைந்து சாத்திவிட்டுத்தான் கிளம்பினாள். வானத்தில் அவள் விமானம் முன்னால் போக, பத்தடி தள்ளி அவளுடைய இறக்கையோரமாக அவன் தன் விமானத்தில் பறந்தான். மேகத்துக்குள் நுழைந்ததும் எது மேல், எது கீழ் என்றே அவனுக்குத் தெரியவில்லை. கவிழ்கிறோம் என்று உடம்பு அலறியது. அதை நம்பித் திருப்பினால் இருவரும் மோதிச் சிதறுவார்கள். அவள் இறக்கையிலிருந்த ஒற்றைத் திருகாணியை மட்டும் பார்த்தபடியே பறந்தான். அது நூலளவும் நடுங்கவில்லை.

தரையிறங்கியதும் கேட்டான்: “கோபம் போயிடுச்சா?”

“யார் சொன்னா?”

“இறக்கை ஆடவே இல்லையே!”

“பக்கத்துல நீ வந்துட்டிருந்தியேடா” என்றபடி தலைக்கவசத்தைக் கழற்றினாள். அதை அவன் கையில் கொடுத்துவிட்டு முன்னால் நடந்தாள்.