கடைசி வரிசைச் சந்தேகம்

"சார், வருஷத்தை மாத்தினா மழை அளவு மாறுது. ஆனா மேப்ல கலர் மாறவே மாட்டேங்குது."

கடைசி வரிசையிலிருந்து புவியியல் டீச்சர் கேட்டார். காலையிலிருந்து அவர் இதையே கேட்பது மூன்றாவது முறை. முன்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

பயிற்சியாளர் சிரிக்கவில்லை. "நல்ல சந்தேகம். இதோ வர்றேன் டீச்சர்" என்று எழுந்து போனார்.

பள்ளியின் கணினி அறையில் ஆசிரியர்களுக்கு ஒருநாள் பயிற்சி. எக்செல்லில் மழைக் கணக்கைப் போட்டு, அதிலிருந்தே வகுப்புக்கு ஒரு வரைபடம் செய்ய வேண்டும். மேலே ஒரு கட்டத்தில் ஆண்டைத் தேர்ந்தெடுத்தால், மழை குறைந்த வட்டாரம் வெளுத்தும் கொட்டித் தீர்த்த வட்டாரம் கருநீலமாகவும் மாறும். பிள்ளைகள் தாங்களே ஆண்டை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொள்ளலாம். பயிற்சியாளர் பல ஊர்களில் தூக்கத்திலும் சொல்லுமளவுக்கு நடத்திய பாடம்தான். ஆனாலும் இன்று காலை அறைக்குள் நுழைந்து எல்லோரையும் ஒரு முறை பார்த்ததும் அவருக்கு ஆரம்பிக்க வேண்டிய வரியே மறந்துபோனது. ஒரு பாட்டில் தண்ணீர் காலியான பிறகுதான் பேச்சு வந்தது.

"நீங்க எல்லாம் சரியாத்தான் பண்ணியிருக்கீங்க" என்றார், புவியியல் டீச்சரின் திரையைப் பார்த்து. "மேப் இன்னும் பழைய கட்டங்களையே பாத்துக்கிட்டிருக்கு. அதுக்கு இந்தப் புதுக் கட்டங்களைக் காட்டணும், அவ்வளவுதான். நீங்களே பண்ணுங்க, நான் பக்கத்துல நிக்கிறேன்."

"மறுபடியும் தப்பாயிடுச்சுன்னா?"

"மறுபடியும் கேளுங்க. அதுக்குத்தானே வந்திருக்கேன்."

டீச்சர் நிமிர்ந்து பார்க்காமல் மவுஸைப் பிடித்தார்.

தேநீர் இடைவேளையில் எல்லோரும் வராந்தாவுக்குப் போய்விட்டார்கள். புவியியல் டீச்சர் மட்டும் இடத்தைவிட்டு எழவில்லை. கணக்கு டீச்சர் இரண்டு கோப்பைகளோடு வந்து ஒன்றைப் பயிற்சியாளரிடம் நீட்டினார். மனதில் பட்டதைப் பட்டென்று கேட்டுவிடுகிற ஆள் அவர்.

"சார், இந்தப் பொறுமைக்கு உங்களுக்குக் கோயில் கட்டணும். எங்க வீட்டுக்காரர் போன்ல ஒரு விஷயம் கேட்டாலே எரிஞ்சு விழுவார். உங்க வீட்டம்மா குடுத்து வெச்சவங்க!"

பயிற்சியாளர் கோப்பையைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார். பிறகு, அந்த அறைக்கே சொல்வதுபோலச் சற்று உரக்கச் சொன்னார்.

"இல்லீங்க. அவளுக்கு அந்தக் குடுப்பினை இல்ல."

"என்ன சார் சொல்றீங்க?"

"அவளும் டீச்சர்தான். ஒரு ஞாயித்துக்கிழமை பக்கத்துல வந்து உக்காந்தா. பசங்க ப்ராஜெக்ட்டுக்கு இதே மாதிரி மேப் வேணும், சொல்லிக்குடுங்கன்னா. ஊருக்கெல்லாம் சொல்லிக்குடுக்கிறவன் நான். அவ ஒரே விஷயத்தை ரெண்டாவது தடவை கேட்டதும், 'இதுகூட மண்டையில ஏறலேன்னா நீயெல்லாம் என்னத்தைப் பாடம் நடத்திக் கிழிக்கிற'ன்னு கேட்டுட்டேன். அவ லேப்டாப்பை மெதுவா மூடி வெச்சுட்டு எந்திரிச்சுப் போயிட்டா. அதுக்கப்புறம் எங்கிட்ட எந்தச் சந்தேகமும் கேட்டதே இல்ல."

கடைசி வரிசையில் மவுஸ் சத்தம் நின்றிருந்தது.

"அவ்வளவுதானே சார்? எல்லா வீட்லயும் நடக்கிறதுதான். இன்னைக்கே போய் ஒரு சாரி சொல்லிடுங்க."

"அது ஒரு நாள் பேச்சில்லீங்க. அப்படித் தினமும் ஒண்ணு. இப்ப அவ எங்கூட இல்ல."

கணக்கு டீச்சரின் முகம் வெளிறிவிட்டது. "ஐயையோ... தெரியாம கேட்டுட்டேன் சார். மன்னிச்சிடுங்க. என் வாய் இருக்கே..."

பயிற்சியாளர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் மற்றவர்கள் உள்ளே வரவே, சொல்லாமலே விட்டுவிட்டார்.

மாலை வரை வகுப்பு நடந்தது. கணக்கு டீச்சர் அதன்பின் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. பயிற்சியாளரைப் பரிதாபமாகப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு திரையாக நீலம் பரவியது. அறிவியல் ஆசிரியர், தன் வட்டாரத்தில் மழையே இல்லையென்று தலையில் கைவைத்துக்கொண்டு எல்லோரையும் சிரிக்க வைத்தார். கைதட்டி, நன்றி சொல்லி, படம் எடுத்துக்கொண்டு ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள்.

புவியியல் டீச்சர் மட்டும் மிச்சமிருந்தார்.

"இப்ப மாறுதா டீச்சர்?"

அவர் ஆண்டை மாற்றிக் காட்டினார். வெளுத்துக் கிடந்த வட்டாரங்கள் சட்டென்று கறுத்தன.

"மாறுது. நாளைக்கே பசங்களுக்குக் காட்டிடுவேன்." கணினியை அணைத்துவிட்டுப் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார். "ரொம்பப் பொறுமையா சொல்லிக்குடுக்கிறீங்க."

"எல்லாம் போனப்புறம் வந்த பொறுமை" என்றார் பயிற்சியாளர்.

டீச்சர் கதவுவரை போய்த் திரும்பிப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது, குரலில் கலக்கமில்லை.

"கணக்கு டீச்சர் பாவம், அப்ப இருந்து மனசு கேக்காம தவிச்சுக்கிட்டிருக்காங்க. வாசல்லதான் நிக்கிறாங்க, போறப்ப அவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க, நான் ஒண்ணும் செத்துப் போயிடல, டைவர்ஸ்தான் வாங்கிட்டேன்னு."