முதல் நடை

"என்னய்யா எஞ்சின் போட்டுக் குடுத்திருக்கே? காலையில முக்கி முக்கி மலை ஏறுது!"

பட்டறைக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக ஷேக் அலாவுதீன் சத்தம் போட்டார். கூடவே அவர் மச்சான் நூர் முகம்மதுவும் வந்திருந்தார்.

வேறொரு லாரிக்கு அடியில் படுத்திருந்த மூர்த்தி வெளியே வந்தார். ஏரம்பமூர்த்தி என்பது முழுப்பெயர். ஜெலுத்தோங் பக்கம் யாரைக் கேட்டாலும் அந்தப் பட்டறைக்கு வழி சொல்வார்கள்.

"நிதானமா சொல்லுங்க பாய். என்ன ஆச்சு?"

"என்ன ஆச்சா? பட்டாளத்துக்காரன் ஏலம் விட்ட லாரி. பெட்ரோல் எஞ்சின், நத்தை மாதிரி ஊர்ந்துச்சு. உன்னை நம்பித்தானே பஸ்ஸோட டீசல் எஞ்சினை வாங்கிக் குடுத்தேன்? இப்பவும் ஊருதே!"

மூர்த்திக்கு முகம் சுருங்கிப்போனது. அந்த எஞ்சினுக்காக அவர் பட்ட பாடு கொஞ்சமா? பழைய எஞ்சின் இருந்த இடத்தில் அது உட்காரவே இல்லை. தாங்கிகளை அறுத்து, புதிதாக வெல்டிங் வைத்து, ரேடியேட்டரை முன்னால் தள்ளி, மூன்று வாரம் ஆனது. முடிந்த அன்று அவர் சூடம் காட்டினார். அலாவுதீன் பிஸ்மில்லா சொல்லிச் சாவியைத் திருப்பினார். ஒரே திருப்பில் கிளம்பியது.

"எப்பவுமே ஊருதா பாய்?"

"அதுதானே அதிசயம்! மலை மேல தண்ணித் தொட்டி கட்ட மணல் ஏத்துறோம். பத்து மணி நடை கால் மணி நேரத்துல ஏறிடுது. அதே மணல், அதே மலை, ஏழு மணிக்கு மட்டும் முக்கால் மணி நேரம். மேல இருக்கிற கங்காணி சிரிக்கிறான்."

"காஜா என்ன சொல்றான்?"

டிரைவர் காஜா மொய்தீன் கதவருகே தலையைக் குனிந்துகொண்டு நின்றான்.

"காலையில கொஞ்சம்... இழுக்க மாட்டேங்குதுண்ணே" என்றான் மெதுவாக.

நூர் முகம்மது முன்னால் வந்தார். 

"என்கிட்டயும் இதே மாதிரி மூணு பட்டாளத்து லாரி நிக்குது மூர்த்தி. உன்கிட்டதான் எஞ்சின் மாத்தணும்னு இருக்கேன். இதைச் சரி பண்ணிக் காட்டு. அப்புறம் பேசலாம்."

மூன்று லாரி! ஒரு வருஷத்துக்குப் பட்டறையில் வேலைக்குப் பஞ்சம் இருக்காது.

மூர்த்தி பில்டரைக் கழற்றினார். இன்ஜெக்டரைப் பார்த்தார். டீசல் வரும் குழாயை ஊதிப் பார்த்தார். எல்லாம் சுத்தமாக இருந்தது. அவரே ஓட்டியும் பார்த்தார். புலி மாதிரி பாய்ந்தது.

"நாளைக்குக் காலையில நானே மலைக்குப் போய்ப் பார்க்கிறேன் பாய்."

மறுநாள் விடிந்ததும் நெற்றியில் விபூதியோடு மோட்டார் சைக்கிளில், அந்த மலை இருக்கும் பாலிக் பூலாவ் பக்கம் கிளம்பினார். மலையில் பாதி தூரம் ஏறி, ஒரு வளைவில் மரத்தடியில் நின்றுகொண்டார். ஏழு மணிக்கு லாரிச் சத்தம் கேட்டது. பார்த்தார். அப்படியே பட்டறைக்குத் திரும்பி வந்துவிட்டார்.

மத்தியானம் காஜா ஓட்டிவர, அலாவுதீனும் நூர் முகம்மதுவும் அதே லாரியில் வந்து இறங்கினார்கள்.

"என்னப்பா, கண்டுபிடிச்சிட்டியா?"

"கண்டுபிடிச்சிட்டேன் பாய்." மூர்த்தி கைத்துணியால் விரல்களைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "தப்பு என் மேலதான். இந்த எஞ்சினுக்குக் காலைக் குளிர் ஒத்துக்கல. முதல் நடை அப்படித்தான் இருக்கும். சரி பண்ண என்னால முடியாது."

"நான் அப்பவே சொல்லல? பெரிய மெக்கானிக்கு, போமன்னு பேரு மட்டும்தான் லா!" அலாவுதீன் மச்சானைப் பார்த்தார்.

"அப்ப என் லாரிங்களை வேற ஆளுகிட்டதான் விடணும்" என்றார் நூர் முகம்மது. கோபமெல்லாம் இல்லை. முடிவாகச் சொன்னார்.

"உங்க இஷ்டம் பாய்."

இருவரும் எதிர்க்கடைக்குத் தேத்தண்ணி குடிக்கப் போனார்கள். காஜா நகரவில்லை.

"அண்ணே, எஞ்சின்ல ஒரு கோளாறும் இல்லியே. ஏண்ணே அப்படிச் சொன்னீங்க?"

"காலையில அந்த வளைவுல நான் நின்னேன்டா."

காஜா எதிர்க்கடையை ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டான்.

"சாதிக்காய்த் தோட்டத்துல வேலை செய்யற பொம்பளைங்கண்ணே. பஸ்ஸு அடிவாரத்தோட சரி. மேல ரெண்டு மைல் கூடையோட நடக்கணும். ஆள் ஏத்த லாரிய நிறுத்தினா வேலை போயிடும்னு மொதலாளி சொல்லிட்டாரு. பழைய எஞ்சின் தானாவே ஊர்ந்துச்சு, அவங்க ரோட்டோரமா அங்கங்க நின்னு ஓடுற வண்டியிலயே தொத்திக்குவாங்க. நீங்க எஞ்சினை மாத்தின மறுநாள் யாராலயும் ஏற முடியல. வாயத் திறந்து ஒண்ணும் கேக்கல, பார்த்துக்கிட்டே நின்னாங்க. அதான் முதல் கியர்லயே உருட்டிக்கிட்டுப் போறேன். நான் ஒரு நாளும் நிறுத்தலண்ணே, அல்லா மேல ஆணை!"

"அதைத்தான்டா நான் தப்புன்னு சொல்றேன்" என்றார் மூர்த்தி. "கடைசியா ஓடி வந்து தொத்தினாளே ஒருத்தி, வயித்துல பிள்ளையோட?"

"தவமணி அக்கா. ஏழு மாசம்."

"ஓடுற வண்டியில அவ தொத்தக்கூடாது. நாளையிலேருந்து நல்லா நிறுத்தி ஏத்து. மொதலாளி கேட்டா, மூர்த்தி போட்ட எஞ்சின் அந்த மேட்டுல அப்படியே நின்னுபோயிடுதுன்னு சொல்லிடு."